எப்பவும் போலத்தான், நெவில்

நெவில் ஓல்ட்ராய்ட் தன் வீட்டைப் பந்தயம் வைத்தது குடிபோதையில் அல்ல. காலை ஏழரை மணிக்கு, வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கையில் பிடித்தபடி, முழு நிதானத்தில் வைத்தார். முட்டாள்தனம் செய்ய ஹேகர்லி ஊர்க்காரர்களுக்கு மது தேவைப்பட்டதே இல்லை.

பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தல் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி என்று வானொலி சொல்லி முடித்திருந்தது.

"இந்தத் தடவ நம்ம ஊர்ல நீலக் கட்சி ஜெயிச்சா, வீட்ட வித்துட்டு ஸ்பெயினுக்குப் போயிடலாம்" என்றாள் அவர் மனைவி பெரில். "எங்க அக்கா டோரத்தி இருக்கிற தெருவுலயே ஒரு வீடு காலியா இருக்காம்."

"நீலமா? இங்கயா?" நெவிலுக்குச் சிரிப்பில் ரொட்டித்தூள் புரையேறியது. "எங்க தாத்தா காலத்துலேருந்து சிவப்பு. கழுதைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தினாலும் ஜெயிக்கும்."

"ரெண்டு தடவ நிறுத்தினீங்க. ஜெயிச்சிது."

"ரொம்பப் பேசாத. சரி, பந்தயம். நீலம் ஜெயிச்சா ஸ்பெயின். சிவப்பு ஜெயிச்சா, சாகற வரைக்கும் ஸ்பெயின் பேச்ச எடுக்கக் கூடாது."

"எழுதிக் கொடு."

குளிர்பெட்டி மேல் தொங்கிய கறிக்கடை நாட்காட்டியில், டிசம்பர் பன்னிரண்டாம் தேதிக் கட்டத்துக்குள் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கட்டம் சின்னது. பெரிலின் கையெழுத்து பதிமூன்றாம் தேதிக்குள்ளும் கொஞ்சம் போனது.

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது அரசு கட்டிய வீடு. அரசு வீடுகளை விற்கக் கூடாது என்று எண்பதுகளில் நெவில் பதாகை பிடித்து ஊர்வலம் போனார். ஊர்வலம் முடிந்து, கால்வலி குறைந்த பிறகு, விண்ணப்பம் போட்டு அந்த வீட்டை வாங்கினார். கொள்கை வேறு, கொல்லைப்புறத்தில் உருளைக்கிழங்கு போட இரண்டு சென்ட் நிலம் கிடைப்பது வேறு. வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டைத் தவிர வேறு இடத்தில் அவர் நாலு இரவுக்கு மேல் தூங்கியதில்லை. அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகி இருபத்தோரு வருடம் ஆகிறது.

ஆனாலும் பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் நெவில், நாடு ஐரோப்பாவோடு இருக்க வேண்டும் என்று வாக்களித்தவர். மூன்றரை வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருப்பவர். "ஜனங்களுக்கு விவரம் தெரியாம போட்ட ஓட்டு அது. விவரம் தெரிஞ்சப்புறம் இன்னொரு தடவ கேக்கணும். அதுதான் நியாயம்" என்று அவர் சொல்லாத சாப்பாட்டு வேளை கிடையாது. பெரில் வெளியேற வேண்டும் என்று போட்டவள். வெளியேறியதும் செய்யப்போகும் முதல் காரியமாக அவள் நினைத்திருந்தது, ஐரோப்பாவில் குடியேறுவது. அவளுடைய அக்கா டோரத்தி பதினொரு வருடமாக ஸ்பெயினில் அலிகாண்டே பக்கம் கடலோரமாக இருக்கிறாள். ஸ்பானிய மொழியில் அவளுக்குத் தெரிந்தது இரண்டு சொற்கள், இரண்டும் பானங்களின் பெயர். பிரிட்டன் ஐரோப்பாவைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு தபாலில் வாக்களித்தவள் அவள்.

எங்கும் போக விரும்பாதவர் கதவு திறந்திருக்க வேண்டும் என்றார். கிளம்பத் துடித்தவள் கதவைச் சாத்தச் சொன்னாள். ஹேகர்லியில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. பாதி வீடுகளில் இதுதான் நிலைமை.

கட்சிகளாவது தெளிவாக இருந்தனவா என்றால், அதுவும் இல்லை. நீலக் கட்சி "முடித்துவிடுவோம்" என்றது. எதை, எப்படி என்று கேட்டால் மறுபடியும் "முடித்துவிடுவோம்" என்றது. மஞ்சள் கட்சி, நடந்த வாக்கெடுப்பே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. நெவிலின் சிவப்புக் கட்சி, புதிதாக ஓர் ஒப்பந்தம் பேசி, நல்ல ஒப்பந்தமாகக் கொண்டுவந்து, பிறகு அது வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்போம், அப்போது நாங்கள் எந்தப் பக்கம் என்பதை அப்புறம் சொல்வோம் என்றது. இதை மழையில் நின்று, கதவிடுக்கு வழியாக, அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு வந்த ஒருவருக்கு அரை நிமிடத்தில் விளக்க வேண்டும். நெவில் விளக்க முயன்றதே இல்லை. வெளியேறச் சொன்ன மேட்டுக் குடியிருப்பு வீடுகளுக்கு "உங்க தீர்ப்ப மதிக்கிறோம்" என்ற துண்டறிக்கை. ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் வாத்தியார்கள் அதிகம், அங்கே "இறுதி முடிவு உங்க கையில" என்ற துண்டறிக்கை. இரண்டும் ஒரே அச்சகம், ஒரே காகிதம். கட்டு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் தொண்டர் வேலை.

நெவிலின் பலம் துண்டறிக்கை அல்ல, முப்பத்தெட்டாம் நம்பர் பேருந்து. இருபத்தொன்பது வருடம் அதை ஓட்டியவர். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்துவார். கர்ப்பிணிக்கு நிறுத்துவார், முழங்கால் வலிக்கு நிறுத்துவார், தலைக்குச் சாயம் போட்டு மழைக்குப் பயந்து ஓடிவருபவளுக்கும் நிறுத்துவார். ஊரில் அவருக்குக் கடன்படாத முழங்கால் இல்லை. ஆகவே நவம்பர் முழுவதும் அவர் கதவைத் தட்டி, "என்ன ரீட்டா, இந்தத் தடவயும் நம்ம பக்கம்தான?" என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"எப்பவும் போலத்தான், நெவ்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும்.

வீடு வாரியாகப் பெயர் அச்சடித்த தாள்களில் நெவில் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனார். அறுநூற்றுப் பன்னிரண்டு டிக். முந்தைய தேர்தலைவிட முப்பது கூடுதல். வட்டாரப் பொறுப்பாளர் டெஸ்மண்ட் அந்தத் தாள்களைப் பார்த்துக் கண் கலங்கினார். "மத்த வார்டெல்லாம் படு மோசம், நெவ். உன் வார்டு ஒண்ணுதான் கரையேத்தப் போவுது."

சொந்த வீட்டுக் கதவை மட்டும் நெவில் தட்டவில்லை. அந்த வரியில் இரண்டு பெயருக்கும் தானே டிக் போட்டுக்கொண்டார். பெரிலின் அப்பா சுரங்கத் தொழிலாளி. அவர் சவப்பெட்டி மேலேயே சிவப்புக் கொடி போர்த்தியிருந்தது. அவர் மகளை என்ன கேட்பது?

பன்னிரண்டாம் தேதி விடியும்போதே மழை. வாக்குப்பதிவு நாளில் கட்சிக்காரன் வேலை புதிதாக யாருடைய மனதையும் மாற்றுவது அல்ல. தன் தாளில் டிக் போட்டவர்களை வீட்டிலிருந்து கிளப்பி, பெட்டி வரைக்கும் கொண்டு சேர்ப்பதுதான். நெவில் தன் பழைய சிவப்புக் காரில் சட்டையில் ரிப்பன் பூவோடு ஏறினார். முற்பகலுக்குள் பதினான்கு பேரை வாக்குச்சாவடியான மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் இறக்கிவிட்டு, திரும்பக் கூட்டிக்கொண்டும் போய்விட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், "ரொம்ப நன்றி கண்ணு" என்றார்கள். ஒருத்தி ஒரு டப்பா கிறிஸ்துமஸ் பலகாரம்கூடக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்கு முதியோர் குடியிருப்புக்குப் போனார். மூன்று பேர் கோட்டு மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி மாரிஸ் முன் இருக்கையில் ஏறினார். பின்னால் ரீட்டா, அவளுக்குப் பக்கத்தில் தொண்ணூற்றொரு வயது ஈனிட். ஈனிட்டுக்குக் காது மந்தம். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துப் பேசுகிறவள்.

கார் முக்கில் திரும்பியது.

"ரீட்டா, நீலம் எத்தனாவது கட்டம்னு சொன்ன? ரெண்டாவதா, மூணாவதா?"

"ஈனிட், அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்ப? கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். தப்பாப் போட்டுத் தொலச்சேன்னா?"

"ரெண்டாவது. போதுமா? சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நெவில் முன்னால வாயத் தொறக்காதன்னு நீ சொன்ன. தொறந்தேனா? ஒரு வார்த்த சொன்னேனா?"

மாரிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மழை விட்டுரும் போல இருக்கு" என்றார். மழை இன்னும் பலமாகப் பெய்தது.

நெவில் காரை ஓரம் கட்டினார். வழக்கம்போல, நிறுத்தம் இல்லாத இடத்தில்.

"ரீட்டா, போன மாசம்தான 'எப்பவும் போலத்தான்'னு சொன்ன?"

"சொன்னேன்."

"அப்ப இது என்ன?"

"உன் மூஞ்சிக்கு நேரா எப்படிப்பா வேறமாதிரி சொல்றது?" ரீட்டாவுக்கே கோபம் வந்துவிட்டது. "எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனப்ப ஆறு மாசம் என் வீட்டு கேட்டுல பஸ்ஸ நிறுத்தின ஆளு நீ. மழையில நனஞ்சிட்டு வாசல்ல வந்து நிக்கிற. உன்கிட்ட இல்லன்னு சொல்ல என் நெஞ்சு என்ன கருங்கல்லா?"

"ஆனா ஓட்டு மட்டும் அவனுக்கு."

"அது வேற, கண்ணு. அது பிரெக்ஸிட். மூணரை வருஷமா ஜவ்வு மாதிரி இழுக்கிறானுங்க. எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. என் பாத்ரூம் குழாயும் மூணு வருஷமா ஒழுகுது, இதுவும் ஒழுகுது. சாகறதுக்குள்ள ஒண்ணாவது நிக்கணும்."

"அவங்க கட்சியில வண்டி அனுப்பலயா?"

"என்னது?" என்றாள் ஈனிட்.

"நீலக் கட்சிக்காரன் வண்டி அனுப்பலயான்னு கேக்கறான்" என்று ரீட்டா அவள் காதில் கத்தினாள்.

"அவனா? போன் போட்டுக் கேட்டேன். வாடகைக் கார் புடிச்சிக்கோங்கன்னான். திமிர் புடிச்சவன்." ஈனிட் முன்னால் குனிந்து நெவிலின் தோளைத் தட்டினாள். "உன்ன மாதிரி வருமா, ராசா!"

நெவில் மாரிஸ் பக்கம் திரும்பினார். எண்பத்து நாலில் நீலக் கட்சி ஆட்சிக்கு எதிரான ஒரு வருடச் சுரங்க வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர் மாரிஸ். நீலம் என்ற நிறத்தில் சட்டைகூட வாங்காதவர்.

"நீயுமா மாரிஸ்?"

"சேச்சே. நான் உன் கட்சிதான்."

"நெஜமாவா?"

மாரிஸ் தன் தொப்பியைக் கழற்றி, அதற்குள் பார்த்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"எப்பவும் போலத்தான், நெவ்."

மூன்று பேரையும் அவர் தேவாலயக் கூடத்துக்கே கொண்டுபோனார். வேறு என்ன செய்வது? தொண்ணூற்றொரு வயதுக் கிழவியை டிசம்பர் மழையில் நடுத்தெருவில் இறக்கிவிட முடியுமா? ஈனிட்டுக்குக் குடையும் பிடித்தார். படியேறக் கையும் கொடுத்தார். உள்ளே போய் இரண்டாவது கட்டத்தில் அவள் பெருக்கல் குறி போடும்வரை, வாசலில் கட்டியிருந்த யாரோ ஒருவருடைய நாயோடு காத்துக்கொண்டு நின்றார். நாய்தான் அன்று அவரிடம் பொய் சொல்லாத முதல் வாக்காளர் குடும்ப உறுப்பினர்.

காரில் உட்கார்ந்து டெஸ்மண்டுக்கு போன் போட்டார்.

"நெவ்! நீ மனுசனா, ராட்சசனா?" டெஸ்மண்ட் குரலில் தேன் வழிந்தது. "உன் வார்டுல கூட்டம் அம்முதாமே. இப்பவே போன தடவயவிட ஜாஸ்தி ஓட்டு விழுந்திருக்கு!"

"அதத்தான் சொல்ல வந்தேன். அத்தனையும் நீலம்."

"என்ன உளர்ற?"

"நாமளே எழுப்பி, நாமளே கார்ல ஏத்தி, நாமளே கொண்டுபோய் நீலத்துக்குப் போட வைக்கிறோம், டெஸ்மண்ட். பெட்ரோல் நம்முது."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"தாள்ல சிவப்பு டிக் இருக்கில்ல?"

"இருக்கு. நான்தான் போட்டேன்."

"அப்ப சிவப்புதான். தாள் பொய் சொல்லாது. வெளிய யார்கிட்டயும் இதப் பேசிட்டு இருக்காத, பசங்க மனசு ஒடிஞ்சிருவானுங்க. தட்டிட்டே இரு."

நெவில் தாளைப் பார்த்தார். இன்னும் நூற்று நாற்பது பேர் பாக்கி. இவர்களில் நிஜமான சிவப்பு யார்? தட்டினால் நீலத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுவார். தட்டாவிட்டால் உள்ளதும் வராது. முப்பது வருட அனுபவத்தில் முதல் முறையாக, மனிதர்களிடம் உண்மையைக் கேட்பது என்று முடிவு செய்தார்.

ரயில் நிலையத் தெருவில் முதல் கதவு. இசை வாத்தியார் ஜோஸ்லின், ஐரோப்பாக் கொடியை ஜன்னலில் தொங்கவிட்டிருப்பவர். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

"மனசுல இருக்கிறத சொல்லுங்க மேடம். யாருக்குப் போடப் போறீங்க?"

"போட்டாச்சு, நெவில். மஞ்சளுக்கு." பெருமையாகச் சொன்னாள். "எனக்கு உங்க கட்சிதான் புடிக்கும். ஆனா இங்க நீலத்தத் தடுக்கணும்னா மஞ்சளாலதான் முடியுமாம். ஒரு வெப்சைட்ல தொகுதி பேரப் போட்டாச் சொல்லுது."

"போன தடவ மஞ்சளுக்கு இங்க டெபாசிட்டே போச்சு."

"அப்படியா? அவங்க நோட்டீஸ்ல படம் போட்டிருந்தாங்களே." உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பட்டைகள். நடுவில் மஞ்சள் பட்டை தென்னை மரம் மாதிரி நின்றது. கீழே எறும்பு எழுத்தில் அது வேறு ஏதோ ஒரு தேர்தலின் கணக்கு என்று போட்டிருந்தது. "என் வீட்டுக்காரர் இன்னொரு வெப்சைட் பார்த்தார். அது சிவப்புக்குப் போடச் சொல்லிச்சு. அவர் அதுக்குப் போட்டார்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து நீலத்தத் தடுத்துட்டீங்க."

"ஆமா!" என்றாள் ஜோஸ்லின். கிண்டல் அவளுக்குப் புரியவில்லை. வாத்தியார்களுக்குப் புரியாது.

மேட்டுக் குடியிருப்பில் நான்கு கதவைத் தட்டினார். "பொய் சொல்ல வேணாம், எனக்கு வருத்தமே இல்ல, நெஜத்தச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். கெஞ்சியதைப் பார்த்து அவர்களுக்கு இரக்கம் அதிகமாகிவிட்டது. நான்கு வீட்டிலும் "எப்பவும் போலத்தான்" என்றார்கள். ஒரு வீட்டில் தேநீரும் கொடுத்தார்கள்.

நாலு மணிக்கு இருட்டிவிட்டது. நெவில் வீட்டுக்கு வந்தார். முன் தோட்டத்தில் முப்பது வருடமாக அவர் நட்டுவைக்கும் கட்டையில் சிவப்புக் கட்சிப் பலகை காற்றில் படபடத்தது. உள்ளே பெரில் கோட்டு, கையுறை, கைப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் கறிக்கடை நாட்காட்டி.

"என் பேரும் உன் தாள்ல இருக்கும்ல? ஊரையெல்லாம் ஏத்திட்டுப் போற. என்னையும் கூட்டிட்டுப் போ."

"பெரில்." அவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "யாருக்குப் போடப் போற?"

முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் அவர் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டதில்லை. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த கோட்டு, தொங்கிப்போன ரிப்பன் பூ, சேறு அப்பிய காலணி. அவள் முகத்தில் மேட்டுக் குடியிருப்பு வாசல்களில் பார்த்த அதே இரக்கம் வந்தது.

"எப்பவும் போலத்தான், நெவில்" என்றாள்.

அவள் அவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சாவு வீட்டிலும் மருத்துவமனையிலும் மட்டும்தான்.

இருவரும் போய் வாக்களித்தார்கள். பக்கத்துப் பக்கத்து மறைப்புக்குள், நூலில் கட்டிய பென்சிலால். நெவில் சிவப்புக்கு ஒரு பெருக்கல் போட்டார். மறைப்பலகைக்கு அந்தப் பக்கம் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. சத்தத்தில் நிறம் தெரியவில்லை.

பெரிலை வீட்டில் இறக்கிவிட்டு, மூடிப்போன பேருந்துப் பணிமனைக்கு முன்னால் காரை நிறுத்தினார். இனி யாரையும் கூட்டிப்போவதில்லை. அவர் வேலைநிறுத்தம் அது, மிகச் சிறியது, ஆதரவு இல்லாதது. தாளை மடித்து டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டார். வீடு போகாது. உருளைக்கிழங்குப் பாத்தி போகாது. நூற்று முப்பது பேர் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருந்தால், எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கும்.

இருபது நிமிடம் தாங்கினார். போன் அடித்தது. முதியோர் குடியிருப்பிலிருந்து வால்டர்.

"நெவ், அஞ்சரைக்கு வர்றேன்னியே. நானும் கிளாடிஸும் இன்னும் நாலு பேரும் கோட்டு மாட்டிட்டு வாசல்ல உக்காந்திருக்கோம். மறந்துட்டியா, கண்ணு?"

நெவில் வாயைத் திறந்தார். 'கார் மக்கர் பண்ணிருச்சு' என்று சொன்னால் போதும். அது ஒன்றும் பெரிய பொய் அல்ல. அன்று ஊரே அவரிடம் அதைவிடப் பெரிதாகச் சொல்லியிருந்தது. ஆனால் இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்கு, நிறுத்தத்தில் ஆள் நிற்கிறது என்று தெரிந்த பிறகு நிற்காமல் போக வரவில்லை.

"வந்துட்டே இருக்கேன், வால்டர்."

"நாங்கெல்லாம் உன் பக்கம்தான்ப்பா" என்றார் வால்டர், யாரும் கேட்காமலேயே.

இரண்டு நடையாக ஆறு பேர். பிறகு ரீட்டாவின் தங்கை. பிறகு சக்கர நாற்காலியோடு ஒருவர், அந்த நாற்காலியை மடிக்கவே பத்து நிமிடம். கடைசியாக மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஐந்து பேர். கூட்டிப் பார்த்தால் அன்று முழுவதும் அவர் காரில் ஏறி இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர்.

விடிந்ததும் வானொலியே சொன்னது. ஹேகர்லி தொகுதியில் நீலம் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அந்தத் தொகுதியின் வரலாற்றில் முதல் முறை என்று செய்தியாளர் மூச்சுவாங்கச் சொன்னார். காரணம் தேசியச் சூழல், தலைமை, ஊடகம் என்று மூன்று பேர் மாறி மாறி விளக்கினார்கள். நெவில் வானொலியை அணைத்தார். முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதைக் கழிக்க அவருக்கு நிபுணர் தேவைப்படவில்லை. டெஸ்மண்ட் போன் செய்து, "உன் வார்டுல எதுவும் தப்பு நடக்கல, நெவ், உன் தாள நான் மேலிடத்துக்கே அனுப்பப் போறேன்" என்றார்.

பெரில் பாவம், இரண்டு நாள் பந்தயத்தை நினைவூட்டாமல் பொறுத்தாள். மூன்றாம் நாள் நாட்காட்டியின் அந்தத் தாளைக் கிழித்து மேசையில் வைத்தாள். நெவில் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே மறுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

புத்தாண்டு கழிந்ததும் வீட்டுத் தரகர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் 'விற்பனைக்கு' பலகையோடு வந்தான். முன் தோட்டத்தில் பள்ளம் தோண்ட இடம் பார்த்தவன் கண்ணில், பலகை கழற்றிய பழைய கட்டை பட்டது. "இதுலயே அடிச்சிரலாமா சார்? வேல மிச்சம்." அடித்தான்.

ஜனவரி முப்பத்தொன்று. அன்று இரவுதான் நாடு அதிகாரபூர்வமாக வெளியேறுகிறது. முக்குத் தெரு மதுக்கடையில் கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், காற்று அதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மாலையில் ஓர் இளம் தம்பதி வீட்டைப் பார்க்க வந்து, கொல்லைப்புறத்து உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்து, "இத மூடிட்டுக் கல் பாவிட்டா நாலு நாற்காலி போடலாம்" என்று பேசிக்கொண்டு, திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் டோரத்தி போன் செய்தாள். பெரில் அரைமணி நேரம் "ம்" மட்டும் கொட்டினாள். போனை வைத்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நெவ், இந்த வருஷம் முடியறதுக்குள்ள போய்ப் பேரப் பதியணுமாம். தவறினா தொண்ணூறு நாள்தான் இருக்க விடுவாங்களாம். அப்புறம் கிளம்புன்னு சொல்லிருவாங்களாம்."

"சரி."

"பென்ஷன் எவ்வளவுன்னு காட்டணுமாம். போலீஸ் ஸ்டேஷன்ல கைரேகை வைக்கணுமாம். கைரேக, நெவ்! நான் என்ன திருடியா? ஏதோ வெளிநாட்டுக்காரிய நடத்தற மாதிரி!"

"வெளிநாட்டுக்காரிதான்."

"டோரத்திக்கே இப்ப சிக்கலாம். அழறா. யாரும் இதையெல்லாம் முன்னாடியே சொல்லலயாம்."

நெவில் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

பெரில் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கட்டுமா? பந்தயம் வச்சப்ப எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாதில்ல. இப்பத்தான தெரியுது. விவரம் தெரிஞ்சப்புறம் இன்னொரு தடவ யோசிக்கலாமே. நீயும் நானும் மறுபடி கலந்து பேசி ஒரு முடிவு எடுக்கலாம். அதுதான நியாயம்?"

மூன்றரை வருடமாக அவர் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் சொல்லிவந்த வாக்கியம். கிட்டத்தட்ட ஒரு சொல் விடாமல் அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு நிற்கும், பாத்தி நிற்கும், கடலோரத்து வெயிலில் வியர்த்துக்கொண்டு டோரத்தியின் பேச்சைக் கேட்டுச் சாக வேண்டியதில்லை.

"எதுக்குப் போடறோம்னு தெரிஞ்சுதான போட்ட?" என்றார் நெவில்.

"என்னது?"

"கிளம்பறதுன்னா கிளம்பறதுதான். பாதியில நிறுத்தி மறுபடி ஓட்டெடுப்பு நடத்தறதுக்கு இது என்ன வெளயாட்டா? கையெழுத்துப் போட்டிருக்கோம். முடிவ மதிக்கணும்."

"பைத்தியமா உனக்கு? உனக்கே போக இஷ்டமில்ல!"

"இல்லதான்."

"நானும் வேணாங்கறேன்!"

"இப்ப வேணாங்கற."

"அப்ப யாருக்காக நெவ் போறோம்?"

நெவில் மேசை இழுப்பறையைத் திறந்து, போன வாரம் தபால் நிலையத்தில் வாங்கிவந்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். புகைப்படத்தில் சிரிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. அது ஒன்றும் கஷ்டமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே மழையோடு காற்று ஓங்கி அடித்தது. ஏதோ மரம் கிறீச்சிடும் சத்தம். நெவில் ஜன்னல் வழியாகப் பார்த்தார். 'விற்பனைக்கு' பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு காற்று அடித்தால் விழுந்துவிடும்.

"விழட்டும் விடு" என்றாள் பெரில். "நெவ், விடு. உக்காரு."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். கட்டையை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி, தெருவில் போகிறவர்களுக்கு எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு அதன் அடியைச் சுற்றி மண்ணைத் தள்ளி, முப்பது வருடமாக மிதித்த அதே காலால், அசையாதபடி இறுக்கி மிதித்தார்.